உமேரா அஹ்மது மாதிரி நாவலும் எழுதி சீரியலும் எழுத நம்மூரில் வழி உண்டா?

அண்டிஆபீஸ்மகள் (கருங்கல்)

எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் எங்கள் வீடு. அம்மா 22 வருடமாக அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். (வெளியூர்க்காரர்களுக்காக: முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) நான் பி.எட். முடித்துவிட்டு ஒரு டியூஷன் சென்டரில் இருக்கிறேன். ஒரு வருடமாகக் கதைச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறேன். அம்மாவின் ஆபீஸ்தான் களம். பதினான்கு அத்தியாயம் ஆகிவிட்டது, முடிவு மட்டும் பிடிபடவில்லை.

கொரோனா சமயத்தில் யூடியூபில் 'ஜிந்தகி குல்சார் ஹை' பார்த்தேன். பாகிஸ்தான் தொடர், மொத்தம் 26 எபிசோட். எனக்கு உருதுவில் ஒரு சொல் தெரியாது. ஆங்கில சப்டைட்டிலை வைத்து ஆறு ராத்திரியில் முடித்தேன். ஆண்பிள்ளை இல்லை என்று அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு போய்விடுகிறார். அம்மா ராஃபியா ஸ்கூல் வேலைக்கும் போய், வீட்டில் டியூஷனும் எடுத்து மூன்று பெண்களைப் படிக்க வைக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது ஒரு உருது நாவல், அதை எழுதிய உமேரா அஹ்மதுவேதான் டிவிக்கும் எழுதியிருக்கிறார் என்று. நம்ம சீரியல்களில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்றுதானே டைட்டிலில் ஓடும்?

போன மாதம் தெரிந்தவர் மூலம் சென்னையில் ஒரு தயாரிப்புக் கம்பெனிக்கு என் கதையை அனுப்பினேன். போனில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "அண்டி ஆபீஸ் பின்னணியில இருக்கட்டும்மா, அந்தப் பொண்ணுக்கு மாமியார் உண்டா?" என்றார். உண்டு, ஆனால் கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார் என்றேன். "அப்போ போட்டோவுல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

உமேரா அஹ்மது எப்படி வந்தார், முதலில் நாவலா சீரியலா, யார் கைதூக்கி விட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நம்மூரில் இருந்துகொண்டு அப்படி ஒரு வழி கிடைக்குமா?

---

குளச்சல்காற்று

டியூஷன் சென்டர் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. பாகிஸ்தானில் சீரியல் எழுதுகிறவர்கள் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள், டிவிக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள். நமக்கு அது சரிப்படாது. கதை நன்றாக இருந்தால் இங்கே லிங்க் போடுங்கள், படிக்கிறோம்.

---

கோட்டுக்காரன் (திருவிதாங்கோடு)

மோளே, நான் 19 வருடம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். எழுத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் உமேரா அஹ்மதுவை உருதுவிலேயே படித்தவர்கள் நம்ம ஜில்லாவில் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள். அந்த தைரியத்தில் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

குளச்சல் தம்பி சொன்னது சரியில்லை. அவர் டிவி வழியாக வந்தவர் இல்லை. 1976இல் சியால்கோட்டில் பிறந்தவர். பந்து தைக்கிற ஊர் அது, உலகம் பூராவும் உதைக்கிற ஃபுட்பாலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அங்கேயே மர்ரே காலேஜில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தார். உருதுக் கவிஞர்கள் இக்பாலும் ஃபைஸும் படித்த காலேஜ். படித்துவிட்டு உன்னை மாதிரியே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், ஆங்கில டீச்சராக. 1998இல் எழுதத் தொடங்கினார். அதுவும் டிவிக்கு இல்லை, டைஜஸ்ட் என்கிற மாதப் பத்திரிகைக்கு.

இந்த டைஜஸ்ட் என்கிற சாதனத்தைச் சொன்னால்தான் மீதி புரியும். முஸ்லிம் என்றாலே உருது தெரியும் என்று வெளியூரில் நினைப்பார்கள். நமக்கு வீட்டில் தமிழ்தான், கொஞ்சம் மலையாளம் ஒட்டிய தமிழ். உருது எனக்கு ரூமில் வந்தது. எட்டுக் கட்டில் போட்ட ரூம், என் கட்டிலுக்கு மேல்கட்டில் ஒரு சியால்கோட்காரர். அவருடைய அண்ணன் குடும்பம் அஜ்மானில் இருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே சாப்பிடப் போனால், திரும்பும்போது மதினி படித்துத் தள்ளிய பழைய டைஜஸ்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார். எதுக்கு பாய் என்று கேட்டால், "தரையில் விரித்துச் சாப்பிட" என்பார். நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், மேல்கட்டிலில் போர்வைக்குள்ளே டார்ச் வெளிச்சம் தெரியும்.

கவாத்தீன், ஷுஆ, கிரண் என்று பெயர்கள். கராச்சியில் இருந்து மாதாமாதம் வருகிற பெண்கள் பத்திரிகைகள். அட்டையில் நகை போட்ட ஒரு பெண். உள்ளே மங்கலான தாளில் பொடி எழுத்து. நம்ம ராணிமுத்து அளவுதான், ஆனால் கனத்தில் செங்கல். சமையல் குறிப்பு, வாசகர் கடிதம், அதற்கு நடுவே ஆறேழு தொடர்கதைகள். ஓத்துப்பள்ளியில் அரபு எழுத்து படித்திருந்ததால் எனக்கு எழுத்து தெரியும், மொழிதான் தெரியாது. ப, ச, க என்று உருதுவுக்கென்று சேர்த்த எழுத்துகளை அவர் சொல்லிக் கொடுத்தார். அச்செழுத்தும் குர்ஆனில் உள்ள மாதிரி நேராக இருக்காது, சாய்ந்து ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். நானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வரி, ஒரு தொடர்கதையின் அடியில் இருந்த 'பாக்கி ஆயிந்தா மாஹ்'. மீதி அடுத்த மாதம் என்று அர்த்தம். பாக்கி நமக்குத் தெரியாதா? பலசரக்குக் கடைப் பற்றுப் புத்தகத்தில் வருகிற அதே பாக்கிதான்.

உமேரா அஹ்மது வளர்ந்த இடம் அந்த 'பாக்கி'யில்தான் என்று நான் சொல்வேன். அடுக்களையில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாகப் படிக்கிற பெண்கள் அடுத்த மாதமும் இருபது முப்பது ரூபாயை எடுத்து வைக்க வேண்டும். அந்த அளவுக்குக் கதை பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் இழுத்துக்கொண்டே போகவும் முடியாது, ஒரு நாள் முடித்துத்தான் ஆக வேண்டும். முடிந்தால்தான் புத்தகமாகப் போடுவார்கள்.

2004இல் 'பீர்-ஏ-காமில்' வந்தது. அவர் பெயர் வீட்டுக்கு வீடு போனது அதற்குப் பிறகுதான். இமாமா என்கிற பெண்ணும், ஐக்யூ 150க்கு மேல் உள்ள சாலார் என்கிற தறுதலைப் பையனும். எங்கள் சியால்கோட்காரர் அதைப் படித்துவிட்டு மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்கு முதல் பாதி நன்றாக ஓடியது, பிற்பாதியில் பிரசங்கம் தாங்கவில்லை. இதை அவரிடம் சொல்லி ஒரு வாரம் சாயா கிடைக்காமல் போனது. உமேரா அஹ்மதுவிடம் எனக்கு உள்ள குறையே அதுதான். ஆளை நடமாட விட்டுப் பார்க்கும் வரைக்கும் அவரை அடிக்க ஆள் இல்லை. ஆள் வாயால் உபதேசம் சொல்ல ஆரம்பித்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன்.

டிவிக்கு வந்தது இப்படி எழுதி எழுதிப் பெயர் வந்த பிறகு. முதல் சீரியல் இண்டஸ் விஷன் சேனலில் வந்த 'வுஜூத்-ஏ-லாரைப்'. அதற்கே சிறந்த எழுத்தாளர் விருது கொடுத்தார்கள். 2008இல் ஜியோ டிவியில் 'தோராஹா'. அடுத்த வருடம் அதே சேனலில் 'மேரி ஜாத் ஜர்ரா-ஏ-பேநிஷான்'. பெயருக்குச் சுவடு இல்லாத ஒரு துகள் நான் என்று பொருள். இதை ரூமில் எட்டுப் பேரும் சேர்ந்து பார்த்தோம். மருமகள் சபா மேல் மாமியார் ஒரு பழி போடுகிறாள். நிரூபிக்க குர்ஆனைக் கொண்டு வருகிறார்கள். அந்த மனுஷி குர்ஆன் மேல் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்கிறாள். ரூமில் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது. மலப்புரத்துக்காரன் ஒருத்தன் மெல்ல "படச்சோனே" என்றான்.

சென்னைக்காரர் உன்னிடம் கேட்டாரே மாமியார், அவள் அங்கேயும் உண்டு மோளே. ஆனால் பொய்ச் சத்தியம் ஒரே ஒரு தடவைதான். மிச்சக் கதை முழுக்க அந்த ஒரு சத்தியத்தின் கடனை ஒவ்வொருத்தராக அடைக்கிறார்கள். சத்தியம் செய்தவள், அதை நம்பிய மகன், பேரப்பிள்ளைகள் தலைமுறை வரைக்கும். நம்மூர் சீரியலாக இருந்தால் வாரத்துக்கு ஒரு சத்தியம் செய்ய வைத்திருப்பார்கள்.

இனி உன்னுடைய 'ஜிந்தகி குல்சார் ஹை'. அவர் ஆரம்ப காலத்தில் எழுதிய கதை. நீ டிவியில்தான் பார்த்திருக்கிறாய், புத்தகத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவாய். அது முழுக்க டைரி. ராஃபியாவின் மகள் கஷஃபின் டைரி கொஞ்சம், கதாநாயகன் சாரூனின் டைரி கொஞ்சம், மாறி மாறி வரும். அப்படியென்றால் யோசித்துப் பார். கஷஃபும் சாரூனும் பார்க்காத எதையும் நாம் பார்க்க முடியாது. உன்னைத் தூங்க விடாத அந்த ராஃபியா, புத்தகத்தில் மகள் எழுதுகிற வரிகளில் மட்டும்தான் இருக்கிறாள். டிவிக்கு எழுதும்போதுதான் அவளுக்குத் தனியாக உட்காரவும் அழவும் இடம் கிடைத்தது, சமீனா பீர்ஜாதா என்கிற நடிகையின் முகமும் கிடைத்தது. டைரியையும் விடவில்லை, கஷஃப் எழுதும்போது குரலாக ஓட விட்டார்கள். வேறொருவர் திரைக்கதை எழுதியிருந்தால் முதல் வேலையாக டைரியைத் தூக்கி எறிந்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. இயக்கியவரும் சாமானியர் இல்லை. சுல்தானா சித்திக்கி, இந்தத் தொடரைப் போட்ட ஹம் டிவியையே தொடங்கியவர். 2012 நவம்பர் கடைசியில் ஆரம்பித்து அடுத்த மே மாதம் முடிந்தது, வாரம் ஒரு எபிசோட்.

(சாரூனை எனக்குப் பிடிக்காது. தங்கச்சி என்ன உடுத்த வேண்டும் என்று அவன் யார் சொல்ல? கதை அவனை ரொம்ப லேசாக விட்டுவிட்டது. இதை என் வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள், அவளுக்கு அவனாக நடித்த ஃபவாத் கான் முகம் போதும்.)

2014 ஜூனில் இந்தியாவில் ஜீ குழுமம் ஜிந்தகி என்று ஒரு சேனல் தொடங்கி இதையெல்லாம் போட்டது. நான் லீவில் வந்திருந்தேன். சோபாவில் உட்கார்ந்து வீட்டுக்காரிக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி எபிசோட் முடிந்ததும் அவள் கேட்டது, "இதென்ன, இருபத்தாறுலயே முடிஞ்சிட்டு? சேனல்ல ஏதாவது தகராறா?" 2016 செப்டம்பரில், காஷ்மீரில் நடந்த உரி தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தான் தொடர்களையே அந்தச் சேனல் நிறுத்திவிட்டது.

இவர் ஒருத்தருக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைக்காதே. 'ஹம்சஃபர்' என்கிற பாகிஸ்தான் தொடரை எழுதிய ஃபர்ஹத் இஷ்தியாக் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். அவரும் டைஜஸ்டில் தொடராக எழுதி, அதைத் தானே டிவிக்கு எழுதினார். 2011இல் தொடங்கி 23 எபிசோடில் முடிந்தது. அங்கே டைஜஸ்டில் இருந்து டிவிக்கு ஒரு நடைபாதையே விழுந்துவிட்டது. முடிந்த கதை கையில் இருக்கிறது, யார் படித்தார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. சேனல்காரன் வந்து எடுத்துக்கொள்கிறான்.

நீ பதினான்கு அத்தியாயம் எழுதிவிட்டு முடிவு இல்லாமல் சென்னைக்கு அனுப்பியிருக்கிறாய். முடிவு இல்லாத வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் மாமியாரை ஏற்றிவிடலாம்.

---

வசனம்22 (மார்த்தாண்டம், இப்போது வடபழனி)

அண்ணே, சாயாவுக்கு நான் பொறுப்பு. நேரில் பார்த்தால் வாங்கித் தருகிறேன்.

தங்கச்சி, நான் ஒன்பது வருடமாக மெகா சீரியல்களுக்கு வசனம் எழுதுகிறேன். தொழில் எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். வாரம் ஆறு நாள், விளம்பரம் போக நாளைக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம். 'ஜிந்தகி குல்சார் ஹை' முழுக்கதையும் எங்களுக்கு இரண்டு மாதச் சாப்பாடு. மூன்றாம் மாதம் யார் போடுவது? அதனால்தான் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். கதை டிஸ்கஷனில் உட்காருவது ஐந்தாறு பேர். காட்சிக் குறிப்பு எனக்கு முந்தைய ராத்திரி வாட்ஸப்பில் வரும், சில நாள் ஷூட்டிங் அன்று காலையில் வரும். வியாழக்கிழமை டிஆர்பி வந்ததும் நல்லவன் கெட்டவன் ஆவான், செத்தவன் மருத்துவமனையில் கண் திறப்பான். கதை எழுதியவர் பெயர் டைட்டிலில் ஓடிக்கொண்டே இருக்கும். கதை அவர் கையை விட்டுப் போய் ஐம்பது எபிசோட் ஆகியிருக்கும்.

இதில் யாரையும் திட்ட ஒன்றும் இல்லை, எனக்கும் இதில்தான் சோறு. ஆனால் உன் கதையை இதற்குக் கொடுக்காதே. எட்டுப் பத்து எபிசோடில் முடிகிற வெப் சீரிஸ்தான் அதற்குத் தோதான அளவு. அங்கே முழு ஸ்கிரிப்டைக் கேட்பார்கள், முடிவு உட்பட. போனில் கதை சொல்லும் பழக்கத்தை விடு, எழுதி மெயிலில் அனுப்பு, தேதி நிற்கும்.

---

பழையாறு (கோட்டாறு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

உருது படித்த நாவலாசிரியர் ஒருவர் எழுதிய சீரியலை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. 1988 அக்டோபரில் தொடங்கி 1990 ஜூன் வரை ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் வந்த மகாபாரதம். அப்போது எங்கள் தெரு ஆன்டெனாக்கள் எல்லாம் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் நிற்கும். ஒன்பது மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது. 'நான் காலம்' என்று ஒரு குரல் இந்தியில் தொடங்குமே, அந்தத் திரைக்கதையும் வசனமும் எழுதியவர் ராஹி மாசூம் ராசா. 1927இல் காஜிப்பூர் பக்கம் பிறந்தவர். அலிகர் பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்தவர். முனைவர் பட்டம் வாங்கியது உருதுவின் மிகப் பெரிய மாயக்கதையான 'திலிஸ்மே ஹோஷ்ருபா' பற்றி. அத்தனை கிளைக்கதைகளை ஆராய்ந்தவருக்கு வியாசர் அந்நியமாக இருந்திருக்க மாட்டார். 1966இல் வந்த 'ஆதா காவ்' என்கிற அவருடைய நாவல், பிரிவினை நேரத்தில் அவருடைய சொந்தக் கிராமத்தின் கதை.

இன்னும் கிட்டத்தில் சொல்லட்டுமா? தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முஹம்மது மீரான். மலையாள வழியில் படித்தவர், திருநெல்வேலியில் வற்றல் மிளகாய் வியாபாரம் செய்தவர். முதல் நாவல் 'முஸ்லிம் முரசு' பத்திரிகையில் தொடராகத்தான் வந்தது. 1997இல் சாகித்ய அகாதெமி விருது. கோட்டுக்காரர் சொல்கிற அந்த 'பாக்கி அடுத்த மாதம்' இங்கேயும் இருந்தது அம்மா. டிவிக்காரர்கள்தான் இந்தப் பக்கம் வரவில்லை.

---

அண்டிஆபீஸ்மகள்

எல்லாருக்கும் நன்றி. கோட்டுக்கார மாமா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். என் கதையும் மகள் சொல்வதுபோலத்தான் போகிறது. ஆபீசுக்குள் நடப்பதை மகள் எப்படிப் பார்ப்பாள்? இதில் மாட்டிக்கொண்டுதான் முடிவு வரவில்லை என்று நினைக்கிறேன்.

---

கோட்டுக்காரன்

கஷஃபுக்கு அம்மாவின் ஸ்கூல் தெரியாது, ராத்திரி வீட்டுக்கு வருகிற அம்மாதான் தெரியும். உனக்கும் அவ்வளவுதானே தெரியும்? வேலை முடிந்து வருகிறபோது உம்மா கை எப்படி இருக்கும், என்ன வாடை அடிக்கும், முதலில் என்ன செய்வாள், அதை எழுது. ஆபீசுக்குள்ளே போக வேண்டும் என்றால் அவளையே கேள். நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாயா?

---

அண்டிஆபீஸ்மகள்

இல்லை மாமா. வெட்கமாக இருந்தது.

நேற்று ராத்திரி காட்டினேன். கரண்ட் இல்லை, செல்போனில் படித்தேன். ஆறாவது அத்தியாயம் வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். அதில் அந்தப் பெண் தோல் எடுக்க உட்காரும்முன் கையில் சாம்பல் பூசுவதாக எழுதியிருந்தேன். "நிப்பாட்டு" என்றாள். "தோல் எடுக்கியதுக்கு எவ சாம்பல் பூசுவா? பருப்புல ஒட்டிட்டுன்னா சூப்பர்வைசர் சும்மா விடுவானா? அண்டி தல்லி ஓடு உடைக்கும்போதுதான் சாம்பல். ஓட்டு எண்ணெ பட்டா கை வெந்து போகும்லா." அப்புறம் என் கையை இழுத்து வைத்துக்கொண்டு எந்த விரலுக்கு இடையில் முதலில் பூச வேண்டும் என்று காட்டினாள்.

ஆறாவது அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். ஏழாவதைக் கேட்க இன்றைக்கு ஆறு மணிக்கே அடுக்களையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.